ஹரித்ராநதியில கொக்கு எல்லாம் எங்க போச்சு?

வடகரை_வாசல்
நவம்பர் 22, காலை 8:10

எல்லாருக்கும் வணக்கம். மே மாசக் கடைசியில மன்னார்குடிக்குக் குடிவந்தோம். மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன், பக்கத்துல ஆள் வேணும்னு வீட்டுக்காரர் வேலையை வீட்டுலேருந்தே பாக்கற மாதிரி மாத்திக்கிட்டார். வீடு ஹரித்ராநதிக் குளத்து வடகரையில. காலையில பால் வாங்கி அடுப்புல வச்சுட்டு, அத்தை எழுந்திருக்கறதுக்குள்ள குளத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவேன். 23 ஏக்கர் குளம், நாலு கரையும் நடந்தா உடம்புக்குப் போதும்.

சென்னையில இருந்தவரைக்கும் எனக்குப் பறவைன்னா காக்கா, புறா, மைனா அவ்வளவுதான். இங்க வந்த புதுசுல அசந்துட்டேன். படி ஓரம் முழுக்க கொக்கு. வெள்ளைக் கொக்கு ஒரு பக்கம், மண்ணுக் கலர்ல கழுத்தைச் சுருக்கிக்கிட்டு நிக்கறது ஒரு பக்கம். நடு மண்டபத்துச் சுவர்ல நீர்க்காகம் வரிசையா ரெக்கையைக் காயவச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். மீன்கொத்தி நாலு கரையிலயும் உண்டு. நடக்கப் போறவ பாதி நேரம் நின்னுகிட்டுதான் இருந்தேன்.

தெருவுல எல்லாரும், "இதென்ன, மழை பிடிச்சு கார்த்திகை வரட்டும், வெளிநாட்டுப் பறவையெல்லாம் வரும்"னு சொன்னாங்க. காத்திருந்தேன். ஐப்பசி போயி கார்த்திகையும் பொறந்தாச்சு. குளம் மேல்படி வரைக்கும் தளும்புது. பறவையைத்தான் காணோம். கொக்கு ஒண்ணு ரெண்டு. நீர்க்காகம் நாலஞ்சு. ஆனா போன ஞாயித்துக்கிழமை வடுவூர் ஏரிக்குப் போனா அங்க காது கிழியற சத்தம். பஸ்ல அரை மணி நேரத் தூரத்துல அவ்வளவு இருக்க, எங்க வாசல்ல மட்டும் ஏன் இப்படி? குளத்துத் தண்ணி கெட்டுப்போச்சா? மீன் குத்தகைக்காரங்க விரட்டறாங்களா?

இன்னும் ரெண்டு விஷயம் கேட்டுக்கறேன். தென்கரைப் படியில தினமும் ஒத்தையா ஒரு சின்னப் பறவை. முதுகு மண்ணுக் கலர், வயிறு வெள்ளை. நின்ன இடத்துலயே பின்பக்கம் மட்டும் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். கிட்டப் போனா "ட்வீ, ட்வீ"ன்னு கத்திக்கிட்டு தண்ணியை ஒட்டியே பறந்து இன்னொரு படியில போய் நிக்கும். அது என்ன? அப்புறம், சாயந்திரம் இருட்டினதும் மாடியில துணி எடுக்கப் போனா தலைக்கு மேல ஏதோ "க்வாக்"னு ஒரு தடவை கத்திட்டுப் போகுது. உருவம் சரியாத் தெரியலை. அத்தை, அந்தச் சத்தம் கேட்டா நல்லதில்லைங்கறாங்க. எனக்கு அதெல்லாம் இல்லை, ஆனா என்னன்னு தெரிஞ்சா அவங்களுக்குச் சொல்லலாம்.

பைனாகுலர் வாங்கலாமான்னும் ஒரு யோசனை. எது வாங்கறது?

பாமணி_விலங்கியல்
நவம்பர் 22, காலை 11:32

அக்கா, படியில வாலை ஆட்டறது வாலாட்டிதான். பேர்லயே இருக்கு. போன்ல மெர்லின் ஆப் போட்டுக்கோங்க, இலவசம். பறவை கத்தறதை ரெக்கார்ட் பண்ணினா பேர் காட்டும்.

வடுவூர் 1999லேருந்து சரணாலயம், 2022ல ராம்சர் தலமாவும் (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்) அறிவிச்சுட்டாங்க. அங்க காவல் இருக்கு, நம்ம குளத்துல இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மேலராஜவீதி
நவம்பர் 22, பகல் 1:05

கொக்கு எங்க போயிருக்கும், பிரியாணிக் கடைக்குத்தான்.

உரக்கடை_கீழ்கரை
நவம்பர் 22, இரவு 9:48

வணக்கம்மா. நான் கீழ்கரையில உரக்கடை வச்சிருக்கேன். வயலுக்குப் போறவங்க போற வழியில மருந்து வாங்கிட்டுப் போவாங்கன்னு விடிஞ்சதும் கடை வாசல்ல நாற்காலியைப் போட்டுடுவேன். யாவாரம் இல்லாத நேரம் குளத்தைப் பாக்கறதுதான் பொழைப்பு. தினம் சுத்தி வர்ற உங்களை நான் பாத்திருப்பேன்னு நினைக்கிறேன்.

குளத்துக்கு ஒண்ணும் ஆகலை. கொக்கு எல்லாம் வயல்ல நிக்குது.

நம்ம பக்கத்துல பறவைக் கணக்கை வெயில் காலம், குளிர் காலம்னு மட்டும் போட்டா பாதிதான் புரியும். ஆத்துல தண்ணி எப்ப விட்டாங்க, நடவு ஆச்சா, வயல்ல எவ்வளவு தண்ணி நிக்குது, கதிர் வந்துடுச்சா, இதைக் கேக்கணும். நீங்க மே மாசக் கடைசியில வந்தீங்க. அப்ப என்ன நிலைமை? வழக்கப்படி ஜனவரி 28ல மேட்டூரை மூடிட்டாங்க. மாசியிலேயே பாமணியாறு மணல். வயல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். நீங்க பாத்தீங்களே வடுவூர் ஏரி, அதுவே ஏப்ரல்லேருந்து ஜூலை வரைக்கும் பெரும்பாலும் காஞ்சுதான் கிடக்கும். ஏன்னா அது பாசன ஏரி. சுத்துவட்டாரத்துல மீனோட மிச்சம் இருக்கற தண்ணி கோயில் குளத்துலதான். அதுலயும் படி படியா இறங்கியிருக்கும், மீன் கரைப் பக்கம் ஒதுங்கும். மீன் தின்கிற சாதி அத்தனையும் இங்க வந்து நின்னது அதனாலதான். திருவாரூர்க் கமலாலயத்துலயும் கோடையில போய்ப் பாருங்க, இதே கதைதான்.

ஜூன் 12ல மேட்டூர் திறந்தா கல்லணை வந்து, வெண்ணாத்துல இறங்கி, நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்புல பிரிஞ்சு பாமணிக்கு வரும். வந்ததும் வாய்க்கால், அப்புறம் வயல். டிராக்டர்ல கேஜ்வீல்ங்கற இரும்புச் சக்கரம் மாட்டிச் சேத்துழவு ஓட்டறதை எப்பவாவது ரோட்டோரம் நின்னு பாருங்க. பின்னாடியே உண்ணிக்கொக்கும், நீங்க பாத்த மண்ணுக் கலர் மடையானும், மைனாவும் மொய்க்கும். வரப்புல ஒரு குச்சி இருந்தா கரிச்சான் அதுல உக்காந்து பூச்சி எழும்பறதுக்குக் காத்திருக்கும். சேத்துல புழு, நண்டு, தவளைக் குஞ்சு எல்லாம் மேல வருது. கணுக்கால் ஆழத் தண்ணியில கிடைக்கறதை விட்டுட்டு பத்தடி ஆழக் குளத்துல எதுக்கு நிக்கணும்?

2022ல மே 24லேயே மேட்டூரைத் திறந்தாங்க. அந்த வருஷம் படி சீக்கிரமே காலியாயிடுச்சு. 2024ல ஜூலை 28 வரைக்கும் திறக்கலை. ஆடி முழுக்கக் கொக்கு இங்கயேதான் நின்னுச்சு. கடைக்கு வந்தவங்க எல்லாம் ஆத்தைப் பத்தி அழுதுகிட்டிருந்தாங்க, நான் அவங்க தலைக்கு மேல பறவையை எண்ணிக்கிட்டிருந்தேன். சொன்னா அடிக்க வருவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை.

இப்ப கார்த்திகை. மேலேருந்து மழை, கீழ ஆத்துத் தண்ணி. சம்பா, தாளடி நெல்லு நிக்குது. டெல்டா முழுக்கத் தண்ணியா இருக்கறப்ப பறவை லட்சக்கணக்கான ஏக்கர்ல பரவிடும். ஒரு வயலுக்கு ரெண்டு கொக்கு வீதம்தான் கண்ணுக்குத் தெரியும், கூட்டிப் பாத்தா ஜூன்ல இருந்ததை விட அதிகம். திருத்துறைப்பூண்டி ரோட்டுல ஊர் எல்லை தாண்டி ஒரு பத்து நிமிஷம் போங்க. நத்தைகுத்தி நாரை கட்டாயம் இருக்கும். சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, ரெக்கை ஓரம் கறுப்பு, மூடின அலகுக்கு நடுவுல ஒரு சந்து தெரியும். வயல் நத்தையை உடைக்காமலே உள்ளே இருக்கற சதையை உருவி எடுத்துடும். நத்தை இளநாத்தைக் கடிக்குதுன்னு என்கிட்ட மருந்து கேக்கற ஆள்கிட்ட, நாரை இறங்கற வயல்னா கொஞ்சம் பொறுங்கன்னு சொல்வேன். ஒருத்தர் கேப்பார், ஒருத்தர் கேக்க மாட்டார். கேக்காதவருக்கும் நான்தான் விக்கணும். குருணை மருந்து போட்ட வயல்ல கொக்கு இறங்கறதைப் பாத்தா அன்னைக்குச் சாப்பாடு இறங்காது.

உங்க படிப் பறவைக்கு வர்றேன். தம்பி பாமணி, அது வாலாட்டி இல்லப்பா. வாலாட்டி நம்ம குளத்துல இருக்கு, வெண்புருவ வாலாட்டி. கறுப்பு வெள்ளை, கண்ணுக்கு மேல அகலமா வெள்ளைப் பட்டை, வருஷம் பூராவும் உண்டு. மண்டபத்துக் கைப்பிடிச் சுவர்ல உக்காந்து விடியக்காலையில பாடும், கேட்டா யாரோ சீட்டி அடிக்கறான்னு நினைப்பீங்க. அம்மா சொல்றது உள்ளான். மண்ணுக் கலர் முதுகு, வெள்ளை வயிறு, பின்பக்கம் ஓயாம ஆடறது, ஒத்தையா இருக்கறது, தண்ணியை ஒட்டி ரெக்கையை வெடுக்கு வெடுக்குன்னு அடிச்சுப் பறக்கறது எல்லாம் அதுதான். அடுத்த தடவை தோள்பட்டையைப் பாருங்க, வயித்து வெள்ளை ரெக்கைக்கு முன்னாடி ஒரு கொழுந்து மாதிரி மேல ஏறியிருக்கும். உங்க தெருக்காரங்க சொன்ன வெளிநாட்டுப் பறவை இதுவேதான்! வடக்க, இமயமலைக்கும் அதுக்கும் அந்தப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு ஆடி ஆவணியிலயே இங்க வந்துடும். முதல்ல வர்றதும் இதுதான், சித்திரை வரைக்கும் இருக்கறதும் இதுதான். ஒரு பறவை ஒரே படியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணை அண்ட விடாது. தினம் தென்கரையில நீங்க பாக்கறது பெரும்பாலும் ஒரே ஆளாத்தான் இருக்கும்.

"க்வாக்" வக்கா. இராக்கொக்குன்னும் சொல்வாங்க. பகல்ல அடர்ந்த மரத்துல தூங்கும், இருட்டினதும் இரை தேடக் கிளம்பும். உச்சந்தலையும் முதுகும் கறுப்பு, கண்ணு ரத்தச் சிவப்பு. குஞ்சு வளர்ந்ததுன்னா பழுப்புல வெள்ளைப் புள்ளி. அத்தைகிட்ட, அது ராத்திரி ஷிப்டுக்குப் போற நேரம்னு சொல்லுங்க.

மேலராஜவீதித் தம்பி விளையாட்டாச் சொன்னாலும் அது விளையாட்டு இல்லை. வயல்ல வலை கட்டி மடையான், கொக்கு பிடிச்சு ரோட்டோரம் விக்கறது நம்ம பக்கத்துல நடக்கத்தான் செய்யுது. 1972 வனவிலங்குச் சட்டப்படி பிடிக்கறதும் குத்தம், விக்கறதும் குத்தம். பாத்தா வனத்துறைக்கு ஒரு போன் போடுங்க. ஊருக்குள்ள ரெண்டு பேர் கேள்வி கேட்டாலே விக்கறவன் இடம் மாறிடுவான், நான் பாத்திருக்கேன்.

பைனாகுலர் 8க்கு 42 வாங்குங்க. முதல் எண் எத்தனை மடங்கு பெரிசாத் தெரியும்னு, ரெண்டாவது முன்கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்னு. 12, 20னு விளம்பரம் பண்றதை வாங்காதீங்க. கை ஆடறதும் அத்தனை மடங்காத் தெரியும்.

அலையாத்தி
நவம்பர் 23, காலை 6:20

உரக்கடை அண்ணே, வயல் கணக்கு சரி. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. நான் முத்துப்பேட்டை. எங்க பக்கம் உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்துலேருந்து நத்தைகுத்தி காலையில கிளம்பி நாலா பக்கமும் வயலுக்குப் பறக்கும், சாயந்திரம் திரும்பும். அது நீங்க சொல்ற கணக்குதான். ஆனா வாத்துக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

அக்கா வடுவூர்ல பாத்தது நீலச்சிறகி, ஊசிவால் வாத்து மாதிரி வடக்கேருந்து வந்ததா இருக்கும். இதெல்லாம் தலையைத் தண்ணிக்குள்ள விட்டு வாலைத் தூக்கிக்கிட்டு அடியில இருக்கற விதை, கொடி, புழுவைத் தின்கிற சாதி. முங்கிப் போகாது. அதனால ரெண்டடிக்குள்ள தண்ணி வேணும், சேறு வேணும், பாசி வேணும். ஏரின்னா அது சரிஞ்சுக்கிட்டே போற தரை, ஓரத்துல கோரை, நடுவுல கருவேல மரம். ஹரித்ராநதி நாலு பக்கமும் கருங்கல் படி, இறங்கினா ஆழம். வயல்ல தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும் வாத்து அங்க தங்காது. காவல் போட்டாலும் வராது தம்பி பாமணி. குளத்துக்கு வேண்டியது மேல்தண்ணியில கொத்தற ஆலா, முங்கிப் பிடிக்கற நீர்க்காகம், முக்குளிப்பான், படியில நின்னு குத்தற மடையான், இவ்வளவுதான்.

இன்னொண்ணு. மேட்டூர்த் தண்ணிக்குக் காத்திருக்காம மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் பம்புசெட்காரங்க சித்திரையிலயே குறுவை நாத்து விட்டுடறாங்களே. கோடையில அந்தப் பச்சைத் திட்டுக்குப் போய்ப் பாருங்க, கொக்குப் பாதி அங்க இருக்கும்.

மரத்தையும் சொல்லணும். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கத்துல தென்னையும் புளியும் தூங்குமூஞ்சியும் சாஞ்சுது. பறவைக்கு ராத்தங்கல் போச்சு. மறு வருஷம் வக்கா எல்லாம் எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரே ஒரு மூங்கில் புதர்ல வந்து அடைஞ்சுது. நாத்தம் தாங்கலை, ஆனா விரட்டலை. குளத்தங்கரையில எந்த மரம் மிச்சம் இருக்குங்கறதைப் பொறுத்துதான் அங்க ராத்திரி யார் தங்குவாங்கங்கறது.

உரக்கடை_கீழ்கரை
நவம்பர் 23, காலை 6:41

வாத்து விஷயம் நீங்க சொல்றதுதான் சரி தம்பி. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். சீழ்க்கைச் சிறகி சில வருஷம் இங்க பகல்ல வந்து மண்டபத்துக்கு அந்தப் பக்கம் நடுத்தண்ணியில சும்மா மிதக்கும். தின்ன வர்றதில்லை, தூங்க வருது. ராத்திரிதான் அதுக்கு மேய்ச்சல், வயலுக்குப் போயிடும். இருட்டற நேரத்துல தலைக்கு மேல சீட்டிச் சத்தம் கூட்டமாப் போனா அதுதான். கரையில நாய் குலைச்சாலே எழும்பிப் போயிடும்.

பம்புசெட் குறுவை சரியான பேச்சு. அந்த வயலுக்கு உரம் கொடுக்கறதே நான்தான்.

வடகரை_வாசல்
நவம்பர் 24, இரவு 7:55

அண்ணே, நேத்து சாயந்திரம் வீட்டுக்காரரோட திருத்துறைப்பூண்டி ரோட்டுக்குப் போனேன். நீங்க சொன்ன சந்து அலகு நாரை மூணு வயல் தள்ளி நின்னுச்சு, அலகுல வெளிச்சம் தெரியற அளவுக்குச் சந்து! மடையான் வரப்புக்கு வரப்பு. நான் இத்தனை நாளா குளத்தையே பாத்துக்கிட்டிருந்திருக்கேன்.

இன்னைக்குக் காலையில உள்ளான் தோள்ல வெள்ளையையும் பாத்துட்டேன். அத்தைகிட்ட வக்கா ஷிப்டு விஷயத்தைச் சொன்னதுக்கு, "அப்ப உன் வீட்டுக்காரன் சாதி"ன்னாங்க. இவர் அமெரிக்காக்காரங்களோட நடுராத்திரி மீட்டிங்ல இருப்பார்.

நேத்து ஒரு வெள்ளைப் பறவை நடுக்குளத்துக்கு மேல தலையைக் குனிஞ்சுக்கிட்டே இங்கேயும் அங்கேயும் பறந்துச்சு. புறாவை விடச் சின்னது, ரெக்கை நீளம். அலையாத்தித் தம்பி சொன்ன ஆலா அதுதானா?

அப்புறம், இப்ப குளத்துல கூட்டம் இல்லைன்னா எப்ப வரும்? மாசாமாசம் எதைப் பாக்கணும்னு சொன்னா நோட்டுல எழுதி வச்சுப்பேன்.

உரக்கடை_கீழ்கரை
நவம்பர் 24, இரவு 10:30

அத்தை பேச்சுக்கு எங்க வீட்டுல சிரிச்சு முடியலை.

ஆலாதான்ம்மா, மீசை ஆலா. ரெண்டு ஆள் உயரத்துல போகும், திடீர்னு இறங்கி மேல்தண்ணியில கொத்திட்டு ஏறிடும். இப்போதைக்கு உடம்பு வெள்ளை, கண்ணுக்குப் பின்னாடி மட்டும் கறுப்புத் தீத்தல். இதை ஏப்ரல் வரைக்கும் விடாமப் பாருங்க. வடக்கே கிளம்பறதுக்கு முன்னாடி சிலதுக்குத் தலையில கருந்தொப்பி வந்துடும், வயிறு கரும்சாம்பல் ஆயிடும், கன்னத்துல மட்டும் வெள்ளைக் கோடு நிக்கும். மீசைங்கற பேரு அப்பதான் விளங்கும். வேற பறவையோன்னு சந்தேகமே வந்துடும்.

மாசாமாசம் பட்டியல் போட எனக்கு வராது, தோணினதைச் சொல்றேன்.

மார்கழி முழுக்கக் குளத்தைவிடக் கரை மரத்தைப் பாருங்க. இப்ப வந்திருக்கற சின்ன விருந்தாளி எல்லாம் அங்கதான். பழுப்புக் கீச்சான் ஒரு கம்பியில தனியா உக்காந்து கரகரன்னு திட்டிக்கிட்டே இருக்கும், கண்ணைச் சுத்தி கறுப்புத் துணி கட்டினாப்ல. மாங்குயில் மஞ்சள் கண்ணைப் பறிக்கும். இலை மூட்டையா குமிஞ்சு கிடக்கற கொல்லை உங்களுக்கு இருந்தா ஆறுமணிக்குருவி இருக்கான்னு பாருங்க. பச்சை, நீலம், வயித்துக்கு அடியில சிவப்பு, வால் இல்லாத மாதிரி குட்டை. காலையிலயும் சாயந்திரமும் ஆறு மணி வாக்குல ரெண்டு தடவை சீட்டி அடிக்கும், பேரு அதனாலதான். ஐப்பசியில வர்றப்ப ராத்திரிப் பயணத்துல களைச்சுப்போய் வீட்டு ஜன்னல்ல மோதி விழறது உண்டு. அப்படி விழுந்து கிடந்தா தண்ணி ஊத்தாதீங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. ஒரு அட்டைப் பெட்டியில இருட்டா மூடி வச்சு ஒரு மணி நேரம் கழிச்சுத் திறந்து விட்டா தானா பறந்துடும்.

தையில அறுப்பு. அறுக்கறதுக்கு வாரம் பத்து நாள் முன்னாடி நிக்கற நெல்லுக்குள்ளயே உளுந்து தெளிச்சுடுவாங்க. அறுவடை மெஷின் இறங்கினதும் பூச்சி பிடிக்கற தகைவிலானும் பஞ்சுருட்டானும் அதைச் சுத்தியே பறக்கும். நீங்க அப்பக் குளத்துல ஒண்ணும் இல்லைன்னு வருத்தப்படாதீங்க. பதிலா சாயந்திரம் கரையில நில்லுங்க. ஊருக்கு மேல சூறைக்குருவி கூட்டங்கூட்டமா அடையப் போகும், ரோஸும் கறுப்பும். கோபுரத்துப் பக்கம் மாடப்புறா காரணமில்லாம மொத்தமா எழும்பினா மேல பாருங்க, வைரிங்கற வேட்டைப் பறவை இருக்கும். சில வருஷம் வல்லூறும் வரும்.

மாசி பாதியிலதான் ஆட்டம் திரும்பும். ஆத்தை மூடி, வயல் காஞ்சு, உளுந்து காய் பிடிக்கற நேரம். அப்பலேருந்து வாரத்துக்கு வாரம் படியில ஆள் கூடும். முதல்ல மடையான். அப்புறம் சின்னக் கொக்கு. நீர்க்காகத்துல ரெண்டு வகை வரும், அலகு குட்டையா இருந்தா சின்ன நீர்க்காகம். அலகு மெலிஞ்சு நீளமா, கண்ணு பச்சை நீலமா இருந்தா கொண்டை நீர்க்காகம். அது கூட்டமா சேந்து மீனை வளைச்சு ஓட்டும். பாம்புத்தாரா ஒண்ணு ரெண்டு வரும், உடம்பு முழுக்க முங்கிக் கழுத்து மட்டும் தண்ணிக்கு மேல தெரியறப்ப சின்னப் பசங்க பாம்புன்னு கத்துவாங்க. பங்குனி 18 நாள் உற்சவத்துல ஊர்ல கூட்டம் நெரியும், பறவை அதைக் கண்டுக்கவே கண்டுக்காது.

எனக்குப் பிடிச்சது சித்திரை. யாரும் நம்ப மாட்டாங்க, அந்த வெயில்லயான்னு கேப்பாங்க. தண்ணி இறங்கி அடிப்படி தெரியும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி குளத்துக்கு நடுவுல அந்தரத்துல நின்ன இடத்துலயே ரெக்கை அடிக்கும், பாத்துக்கிட்டே இருக்கறப்ப செங்குத்தா விழும். உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் காவியேறும். மடையான் முதுகு கருஞ்சிவப்பாயிடும், இத்தனை மாசம் மண்ணுக் கலர்ல இருந்ததா இதுன்னு தோணும். அதே வாரத்துல உள்ளான் காணாமப் போயிடும். போற நாளைக் குறிச்சு வைங்க, ஆடி ஆவணியில திரும்பி வர்ற நாளையும். அந்த ரெண்டு தேதி நாலஞ்சு வருஷத்துக்கு உங்க கையில இருந்தா வேற யார்கிட்டயும் இல்லாத தகவல் அது.

ஆனித் தெப்பத்துக்கு லைட்டும் கூட்டமும் இருக்கும். அந்த ராத்திரி மண்டபத்துல அடையறது எல்லாம் இடம் மாறும், ரெண்டு நாள்ல திரும்பிடும். தெப்பத்துக்கு மறுநாள் காலையில தண்ணியில மிதக்கற பிளாஸ்டிக் பையைத்தான் பாக்க முடியலை. பொரி போடறவங்க பையோட போட வேண்டாம்னு நான் தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

கருடனை விட்டுட்டேன். செம்பழுப்பு உடம்பு, வெள்ளைத் தலை, வருஷம் முழுக்க உண்டு. பெருமாள் கோயில் ஊராச்சே, மேல பறந்தா நாலு பேர் கன்னத்துல போட்டுக்குவாங்க. இளசு பழுப்பா இருக்கும், கரும்பருந்தோட குழப்பும். வாலைப் பாருங்க. கரும்பருந்துக்கு நடுவுல பிளவு, கருடனுக்கு விசிறியா வளைஞ்சிருக்கும்.

பொங்கலுக்கு ஊர்ல இருப்பீங்கல்ல? 2015லேருந்து தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. பொங்கல் லீவு நாள்ல எங்க வேணும்னாலும் குறைஞ்சது 15 நிமிஷம் நின்னு, பாத்த கேட்ட பறவை எல்லாத்தையும் எண்ணி இ-பேர்டுங்கற இணையதளத்துல ஏத்தணும். காக்கா, மைனாவையும் எழுதணும், அதை எழுதாம விடறதுதான் எல்லாரும் பண்றது. மொட்டை மாடியிலேருந்தே பண்ணலாம், அத்தையையும் சேத்துக்கோங்க. சத்தம் பிடிக்கறதுல அவங்கதான் கெட்டிக்காரங்கன்னு தெரியுது.

பைனாகுலரைப் பணம் போட்டு வாங்கறதுக்கு முன்னாடி என்னோடதை ஒரு நாள் வாங்கிட்டுப் போய்ப் பாருங்க. கனம் கழுத்துக்கு ஒத்துக்குதான்னு தெரியணும்ல. கடையில எங்க வீட்டம்மாவும் இருப்பாங்க.

பாமணி_விலங்கியல்
நவம்பர் 25, காலை 9:14

அண்ணே, உள்ளான் விஷயம் குறிச்சுக்கிட்டேன். பொங்கலுக்கு எங்க கிளாஸ்லேருந்து நாலு பேர் வர்றோம். காலையில மேல்கரை எங்களுக்கு, அங்க டீக்கடை பக்கம்.

உரக்கடை_கீழ்கரை
நவம்பர் 25, காலை 9:20

மேல்கரை வேணாம்ப்பா. காலை வெயில் நேரா கண்ணுல அடிக்கும், எல்லாப் பறவையும் கறுப்பாத்தான் தெரியும். காலையில கீழ்கரைக்கு வாங்க, சாயந்திரம் அந்தப் பக்கம் போங்க. டீ நான் வாங்கித் தர்றேன்.